கயிறா, கிரீடமா?

தங்கை ஒரு பையனைக் காட்டினால் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எத்தனையோ வழி இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் விசாரிக்கலாம், கூடப் படித்தவர்களைப் பிடிக்கலாம், பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். அக்கா இதில் எதையும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் கடையின் பின்னறைக்கு வரச் சொல்லி அவன் கையில் ஒரு பகடையைக் கொடுத்தாள்.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. முன்னால் இரண்டு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம், எந்நேரமும் சூடான காகித வாசனை. பின்னால் பேப்பர் கட்டுகள் அடுக்கிய ஓர் அறை, நடுவில் ஒரு மேசை, நாலு நாற்காலி; அதில் ஒன்றுக்குக் கால் கொஞ்சம் குட்டை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் அந்த அறை ஒரு ராஜ்ஜியமாகிவிடும். மலை, சதுப்பு நிலம், பாழடைந்த கோட்டை எல்லாம் அக்காவின் வாயிலிருந்து வரும். ஆட வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். 'கதவைத் தள்ளுகிறேன்' என்று ஒருவர் சொல்லிப் பகடையை உருட்டுவார். பெரிய எண் விழுந்தால் கதவு திறக்கும். சின்ன எண் விழுந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கும் பூதம் திறக்கும். பூதத்துக்கும் அரசனுக்கும் அரண்மனை நாய்க்கும் குரல் கொடுப்பவள் அக்காதான்.

அவள் கட்டிய உலகத்தில் மனிதர்கள் நடக்க மூன்று வழிகள். ஒளி வழிக்காரன் பொய் சொல்ல மாட்டான், சரணடைந்தவனைத் தொட மாட்டான். தராசு வழிக்காரன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பான், அது முத்தமானாலும் சரி, குத்தானாலும் சரி. இருள் வழிக்காரனுக்குத் தன் காரியம்தான் முதல். 'கருணை காட்டுகிறவன் ஏமாளி' என்பது அவன் வேதம். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு அட்டை. வழியும் வேதமும் அதில் அச்சடித்து, சொந்த இயந்திரத்திலேயே லேமினேட் போட்டு வைத்திருந்தாள். பிளாஸ்டிக் ஒட்டிய பிறகு யாரும் கெஞ்சினாலும் மாற்றித் தரமாட்டாள். பிறவிக் குணத்தை யாராவது மாற்ற முடியுமா என்று கேட்பாள்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அட்டை நிமிர்ந்திருக்கும்வரை பேசுவதெல்லாம் வேஷத்தின் பேச்சு. அட்டையைக் கவிழ்த்து வைத்தால் வேஷம் கலைந்தது, இனி பேசுவது ஆள் என்று அர்த்தம். பெரும்பாலும் 'டீ வேணும்', 'பாத்ரூம் போயிட்டு வரேன்' என்று சொல்லத்தான் அட்டைகள் கவிழ்ந்தன.

ஆட்டத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பது அக்காவின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆபீஸில் நடிக்கலாம், விருந்தில் நடிக்கலாம், வேஷம் கட்டிக்கொண்டு நடிக்க முடியாது. முகமூடி போட்டவன்தான் முகத்தைக் காட்டுவான் என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவள் வாழ்க்கையிலேயே அது பொய்த்துப்போன கதையை நாம் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு விஷயம் இதுதான்: பையனின் அம்மா கல்யாணம் பேச வரப்போகிறார். தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நீ வேணாம்னா வேணாம்க்கா. உன்ன எதிர்த்துக்கிட்டு எனக்கு ஒரு கல்யாணம் தேவையில்ல. ஆனா ஏன் வேணாம்னு மட்டும் சொல்லணும்."

இவ்வளவு பெரிய அதிகாரத்தை யார் கேட்டது? அப்பா அம்மா இல்லாத வீட்டில் அது தானாக அக்கா மடியில் வந்து விழுந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை அழுதுவிட்டு அடங்கிப்போவாள். சரி என்று சொல்லி நாளைக்கு அவன் கழன்றுகொண்டால், அதற்கும் அக்காதான் பொறுப்பு.

பையன் லிஃப்ட் மெக்கானிக். தங்கை கணக்கெழுதும் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று அவள் உள்ளே மாட்டிக்கொண்டபோது வெளியே எடுத்தவன். எடுக்கும்வரை கதவு இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்தானாம். "அது அவன் வேலை" என்று அக்கா ஒரே வரியில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள். மேசையில் எல்லோரும் அவனை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் ஞாயிறு அக்கா எல்லா அட்டைகளையும் பரப்பி வைத்தாள். நல்ல நல்ல வேஷங்கள் இருந்தன: வைத்தியன், வழிகாட்டி, பொய்யே சொல்லாத சத்தியவீரன். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, மூலையில் கிடந்த அட்டையை எடுத்தான். இருள் வழி. நிழல் பூசாரி.

"ஏன் அது?" என்றாள் அக்கா.

"இதுல மட்டும் ஒரு கைரேகை கூட இல்ல. யாரும் எடுத்ததே இல்ல போல. பாவமா இருந்துச்சு."

மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் சிரித்தார். அவர் அந்த மேசையின் பழைய ஆள். பகல் முழுக்க 'வலிக்காது, வலிக்காது' என்று கெஞ்சிப் பல் பிடுங்குகிறவர், ஞாயிற்றுக்கிழமை தாடை என்ற பெயரில் ஒரு முரடனாகி எதிரில் வருகிறவன் தாடையையே பெயர்த்துவிடுவார். தங்கை எப்போதும்போல ஒளி வழி வில்லாளி. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நல்லவர்களை விட்டுவிட்டு இவன் கை எங்கே போயிற்று பார் என்றுதான் ஓடியது அவள் மனசு.

இரண்டாவது ஞாயிறு அது முற்றிவிட்டது. கதையில் மூவரையும் சிப்பாய்கள் துரத்துகிறார்கள். குறுக்கே ஆறு. ஒரு கிழப் படகுக்காரர் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்கிறார். அந்தப் படகுக்காரருக்கு அக்கா ரொம்பப் பிரியமாகக் குரல் கொடுத்திருந்தாள், கொஞ்சம் இருமலோடு. அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கிழவர் இக்கரைக்குத் திரும்பப் படகைத் தள்ளினார்.

"நான் படகோட அடியில ஓட்டை போடறேன்" என்றான் லிஃப்ட்காரர்.

"எதுக்கு?" தாடை பதறிவிட்டார்.

"அவரு திரும்பிப் போனா சிப்பாய்ங்க அதே படகுல வருவாங்க. நடு ஆத்துல முழுகினா வரமாட்டாங்க."

"கெழவருக்கு நீச்சல் தெரியுமா?" தங்கை கேட்டாள்.

"நான் கேக்கல" என்றான் அவன். அட்டை நிமிர்ந்தே இருந்தது. பகடை உருண்டது. பெரிய எண்.

அன்றைக்கு அக்கா அள்ளி வைத்த சோற்றைத் தொடவில்லை. மறுநாள் கடையில் யாரோ ஒருவரின் வீட்டு வரைபடத்தைக் கோணலாகச் சொருகி, லேமினேஷன் இயந்திரத்தில் சுருட்டிக்கொண்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்டு வேறு நகல் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே பையைக் கூட இறக்காமல் கேட்டாள்.

"என்ன, படகுக்காரரா?"

"ஒரு ஈ எறும்புக்கு இரங்கற மாதிரி கூட அவன் கண்ணுல ஒண்ணும் தெரியலடி. கேக்கலன்னான் பாரு, எப்படிச் சொன்னான்."

"அது பூசாரி சொன்னது."

"வாய் யாரோடது?"

தங்கை பையை இறக்கி வைத்தாள். பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பேச்சை எடுத்தாள்.

"மாமா நாலு வருஷம் இதே மேசையில சத்தியவீரனா உக்காந்தாரு. ஒரு பொய் சொன்னாரா? யாரையாவது விட்டுட்டு ஓடினாரா? பொண்டாட்டிக்கு மட்டும் போன்ல ரெண்டு வரி எழுதிட்டுப் போயிட்டாரு. உன் மேச அப்ப என்ன கிழிச்சுது?"

இதுதான் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன கதை. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு காலையில் நகல் இயந்திரத்துக்கு டோனர் வாங்கப் போனார். டோனரும் வரவில்லை, அவரும் வரவில்லை, செய்தி வந்தது. அதற்குப் பிறகு அக்கா அவர் ஆடிய ஆட்டத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் நினைத்து நினைத்துப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு விரிசல் தெரிந்திருக்குமே, நாம்தானே கவனிக்கவில்லை என்று துருவினாள். ஒன்றும் அகப்படவில்லை. வேறு யாராக இருந்தாலும் மேசையே சரியில்லை என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அக்காவோ தன் கண் சரியில்லை என்று முடிவு செய்தாள். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஞாயிறு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"என்னத்த பாப்பே?"

"பாத்துட்டுச் சொல்றேன்னேன்ல."

தங்கை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு நகல் எடுத்துக்கொண்டே மனசுக்குள் ஒரு பொறி வைத்துக்கொண்டிருந்தாள். எலிப்பொறி மாதிரிதான், உள்ளே வைத்த தேங்காய்த் துண்டு ரொம்பப் பெரியது.

மூன்றாவது ஞாயிறு ஷட்டர் பாதி இறங்கியது. டாக்டர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். லிஃப்ட்காரர் கைவிரல் இடுக்கில் கிரீஸோடு வந்து, கழுவிவிட்டு, குட்டைக்கால் நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்தான். தங்கை அவன் பக்கம் பார்க்கவில்லை, அக்கா பக்கமும் பார்க்கவில்லை.

கோட்டைக்குள் கடைசி அறை. அக்கா கதையை மெதுவாக நடத்திக்கொண்டு வந்தாள். கூரையிலிருந்து ஒரு கல் விழுந்தது, தாடையின் கால் அதற்கடியில் சிக்கியது.

"பகடை கூட உருட்ட விடலியேம்மா" என்று டாக்டர் குறைப்பட்டார்.

"சில கல்லு அப்படித்தான் டாக்டர்" என்றாள் அக்கா. தரை பிளந்தது. வில்லாளி பிளவுக்குள் சரிந்து, விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நிழல் பூசாரிக்கு இடது பக்கம் ஒரு கயிறு கிடந்தது. வலது பக்கம் உடைந்துகொண்டிருக்கும் மேடையில், மொத்த நாட்டையும் ஆளும் கிரீடம். ஒன்றுக்குத்தான் நேரமிருந்தது.

"வில்லாளி உங்களப் பாக்கறா" என்றாள் அக்கா. சொல்லும்போது குரல் நடுங்கியது. அரண்மனை நாய்க்குக்கூடப் பிசிறில்லாமல் குரல் கொடுக்கிறவள் அவள். "விரல் ஒவ்வொண்ணா வழுக்குது. நீங்க என்ன பண்றீங்க? கயிறா, கிரீடமா?"

டாக்டரின் வாயருகே போன பிஸ்கட் அங்கேயே நின்றது. தங்கை தன் அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் பகடையை எடுத்தான், அக்காவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பகடையைக் கீழே வைத்தான். பிறகு தன் அட்டையைக் கவிழ்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இது அவன்கிட்ட கேக்கறீங்களா, என்கிட்ட கேக்கறீங்களா?"

அவன் கவிழ்ந்த அட்டையை விரலால் தட்டினான்.

"அவன்கிட்டன்னா பதில் ரெடியா இருக்கு. கருணை காட்டறவன் ஏமாளின்னு அட்டையில அடிச்சு வெச்சவங்களே நீங்கதான். நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும்? அந்தப் படகுக்காரரக் கொன்னுட்டு வீட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கல. நல்லா இருமினாரு மனுஷன்." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "என்கிட்ட கேக்கறீங்கன்னா, கிரீடத்தப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க? என் வீட்டுல கிரீடம் வைக்க எடமே இல்ல. கேக்கறத நேராவே கேளுங்களேன்."

அக்காவுக்கு முகம் சூடேறியது. வைத்த பொறியில் தன் விரலே மாட்டிக்கொண்டது. கோபம் வந்தது முதலில். என் மேசையில் வந்து என்னையே கேள்வி கேட்கிறான் என்று. அந்தக் கோபம் நிற்கவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி. கட்டிய கணவனிடம்கூட அவள் நேராக எதையும் கேட்டதில்லை. பூதத்தை விட்டுக் கேட்பாள், அரசனை விட்டுக் கேட்பாள். 'உன் தோழியை விட்டுப் போவாயா, வீரனே' என்று சூனியக்காரி குரலில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். 'உயிர் போனாலும் போகமாட்டேன்' என்றது சத்தியவீரன் வேஷம். அவள் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கினாள்.

"நான் வேணா வெளிய நிக்கட்டுமா?" என்று டாக்டர் எழுந்தார்.

"உங்க காலு கல்லுக்கடியில இருக்கு, உக்காருங்க டாக்டர்" என்றாள் தங்கை, தலையைத் தூக்காமலே. அவர் உட்கார்ந்தார்.

அக்காவுக்கென்று அந்த மேசையில் அட்டை கிடையாது, கவிழ்க்க ஒன்றுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். வந்தது அவள் சொந்தக் குரல்தான், ரொம்பச் சின்னதாக.

"என் தங்கச்சிய விட்டுட்டுப் போயிடுவியா?"

இத்தனை நாள் 'நீங்க' என்று கூப்பிட்டது எப்போது 'நீ' ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

லிஃப்ட்காரர் நெற்றியைத் தேய்த்தான். தங்கை இப்போது அவனை நேராகப் பார்த்தாள். அவளும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"போகமாட்டேன்னு சத்தியம் பண்ணா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான் பண்ணல." அவன் வார்த்தை தேடினான். "சண்ட போடுவேன்க்கா. கோவம் வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன், எங்கம்மாவக் கேளுங்க, மூணு நாள் பேசமாட்டேன். போகணும்னு தோணவே தோணாதுன்னு சொல்ல நான் என்ன சாமியாரா? ஆனா ஒண்ணு. அப்படித் தோணிச்சுன்னா போன்ல எழுதிட்டு ஓடமாட்டேன். இங்க வரணும். இந்த ஆடற நாற்காலியில உக்காந்து, உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்து, வாயத் தொறந்து சொல்லணும். அதான் மொற." அவன் இரண்டு பேரையும் பார்த்தான். "அதுக்கு எனக்கு தைரியம் கெடையாதுக்கா. சத்தியமா கெடையாது. அதனால, இருந்துடுவேன்னுதான் நெனைக்கிறேன்."

முதலில் டாக்டர்தான் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பை அடக்கிய சத்தம். தங்கை உதட்டைக் கடித்தாள். அக்கா அவனைப் பார்த்தபடியே இருந்தாள். உயிர் போனாலும் போகமாட்டேன் என்று இவன் சொல்லவில்லை. தைரியம் இல்லை என்று சொல்கிறான். இதுவரை அவளுக்கு யாரும் இவ்வளவு மட்டமான வாக்குறுதி கொடுத்ததில்லை. இதுவரை கேட்டதிலேயே அவளால் நம்ப முடிந்த ஒரே வாக்குறுதியும் அதுதான். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு இப்போதும் தெரியாது. ஆனால் கேட்டாயிற்று. கேட்டால் பதில் சொல்கிறவனிடம் தங்கை போகிறாள். திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. டாக்டர் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கித் தின்றாள்.

"சரி" என்றாள், வாய் நிறைய பிஸ்கட்டோடு. "உங்கம்மாவ வரச் சொல்லு."

தங்கை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அக்காவைக் கட்டிக்கொள்வதா அவனை அடிப்பதா என்று புரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட்டையத் திருப்பு" என்றாள் அக்கா லிஃப்ட்காரரிடம். குரலில் இப்போது நடுக்கம் இல்லை, கோட்டையின் இருட்டு முழுசாக அதில் திரும்பி வந்திருந்தது. "தரை இடிஞ்சுகிட்டே இருக்கு. வில்லாளிக்கு ஒரு விரல்தான் மிச்சம். இப்ப அவன்கிட்ட கேக்கறேன். கயிறா, கிரீடமா?"

அவன் அட்டையை நிமிர்த்தி வைத்தான்.

"கிரீடம்" என்றான். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"அடப் பாவி!" தங்கை கத்திய கத்தலில் முன்னறையில் ஷட்டருக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்து எட்டிப் பார்த்தார்கள். தாடை கல்லுக்கடியிலிருந்தே பூசாரியின் வம்சத்தைத் திட்டினார். வில்லாளி விழுந்தாள், விழுந்துகொண்டே இருந்தாள், அக்கா அதை ரொம்ப ரசித்து, ஆழம் ஆழமாகச் சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் மேசையே குலுங்கியது, கண்ணில் நீர் வந்து கதையைத் தொடர முடியாமல் கையைக் கையை ஆட்டினாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இவ்வளவு நேரம் நல்லவன் மாதிரி பேசிட்டு, தள்ளி விட்டுட்டியே!" தங்கை பென்சிலால் அவன் தோளில் குத்தினாள். "இரு இரு, கல்யாணத்துக்கப்புறம் இருக்கு உனக்கு!"

கல்யாணத்துக்கப்புறம். அந்த வார்த்தையைக் கேட்டால் மூன்று வாரமாக அக்காவுக்கு மூச்சு ஒரு கணம் நின்று வரும். இன்றைக்கு அது காதில் விழுந்தது, போய்விட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரீடத்தைத் தலையில் வைத்தவனுக்கு என்ன சாபம் கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.